கரிநெருப்பிற் கோழி

கோழியிறைச்சியை உப்பும் புளிப்பும் சேர்ந்த கலவையில் ஊறவைத்து, வீட்டு முற்றத்திலே கரிநெருப்பில் வாட்டி உண்ணுதல் இன்று அமெரிக்க மக்களிடையே மிகச் சாதாரணமான வழக்கம். தொன்றுதொட்டே அங்கு அது நிலவியதென எண்ணுவோரும் உளர். இறைச்சியைத் தீயில் வாட்டுதல் மனிதன் அறிந்த சமையல் முறைகளுள் மிகப் பழையது என்பது மெய்யே. ஆயினும், கோழி அங்ஙனம் வாரந்தோறும் வாட்டப்படும் பொருளானது இருபதாம் நூற்றாண்டிலேதான். அவ்வரலாறு அடுக்களையில் அன்று, பண்ணையிலே தொடங்குகின்றது.

முன்னாளில் அமெரிக்கக் குடியானவர் கோழி வளர்த்தது பெரும்பாலும் முட்டைக்காகவே. முட்டையிட்டு ஓய்ந்த முதுகோழியும் மிகுதியான சேவலுமே சட்டிக்கு வந்தன. முற்றிய அவ்விறைச்சி நெடுநேரம் வேகவைத்தாலன்றி மெல்லுதற்கு ஆகாது. கரிநெருப்பு அதற்கு ஏற்றதன்று.

1923ஆம் ஆண்டில் டெலவேயர் மாநிலத்து ஓஷன் வியூ என்னும் சிற்றூரில் செசில் ஸ்டீல் என்ற குடும்பப் பெண் 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். வந்து சேர்ந்தவையோ 500! அவற்றைத் திருப்பியனுப்பாது இறைச்சிக்கென்றே வளர்த்து, ஏறத்தாழ 2 இறாத்தல் நிறை வந்ததும், இறாத்தல் 62 சதமாக விற்றார். 1926இல் 10,000 குஞ்சுகள் தங்கும் கொட்டில் அவருக்கிருந்தது. அயலாரும் அவ்வழியே சென்றனர். பிறர் செய்த ஒரு தவறு ஒரு தொழிலுக்கே வித்தானமை வியப்புக்குரியது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் பங்கீட்டுக்கு உட்பட்டன, கோழி உட்படவில்லை. ஆதலின் பண்ணைகள் பெருகின. போர் முடிந்து பங்கீடு நீங்கியபின், மக்கள் தம் பழைய இறைச்சிக்கே திரும்பினால் இத்தனை கோழிகளையும் வாங்குவார் யார்? குடியானவரின் கவலை இதுவே. அதேவேளையில், நெஞ்சுப் பகுதி பருத்த கோழியினத்தைத் தேடி ‘நாளைய கோழி’ என்னும் பெயரில் தேசியப் போட்டிகளும் நடைபெற்றன. 1948இலும் 1951இலும் கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்ள்ஸ் வான்ட்ரஸ் வெற்றி பெற்றார். பறவை பெருத்தது, விலையும் இறங்கியது. உண்ணும் வழியை மக்களுக்குக் காட்டுதலே எஞ்சியிருந்தது.

அவ்வழியைக் காட்டியவர் நியூயோர்க் மாநிலத்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கோழி வளர்ப்புத் துறையிற் பணியாற்றிய றொபேட் பேக்கர். பல்கலைக்கழகம் 1950இல் வெளியிட்ட 862ஆம் இலக்கச் சிறு வெளியீட்டில், கோழியைக் கரிநெருப்பில் வாட்டும் முறையை அவர் விளக்கினார். கலவை எளியது: எண்ணெய் 1 கோப்பை, அப்பிள் வினாகிரி 2 கோப்பை, முட்டை 1, உப்பு 3 மேசைக்கரண்டி, வாசனை இலைத்தூள் 1 மேசைக்கரண்டி, சிறிது மிளகுத்தூள். இஃது இரண்டாகப் பிளந்த கோழித் துண்டுகள் 10க்குப் போதுமானது. சமையற் குறிப்பெழுதுதல் பல்கலைக்கழகத்தார்க்குத் தகுமோ எனக் கேட்பார் கேட்கலாம். விலைபோகாத விளைவு கடனாக முடியும் என்பதை அறிந்த குடியானவர் அங்ஙனம் கேளார்.

முட்டையின் வேலை நுட்பமானது. ஒட்டாத எண்ணெயையும் வினாகிரியையும் அது பிணைக்கின்றது. கலவை வழிந்தோடாது தோலிற் பற்றி, நெருப்பில் மொறுமொறுப்பாகின்றது. வாட்டும்போது இதனை மீண்டும் மீண்டும் பூசுதலே பேக்கரின் முறை. முன்னரே ஊறவைக்கும் பழக்கத்தைப் பின்னர் பலர் சேர்த்துக்கொண்டனர். உப்பு மெல்ல உட்சென்று இறைச்சியின் நீரைக் காக்கும். வினாகிரியின் புளிப்போ மேற்பரப்பளவிலேயே நிற்கும். நெடுநேரம் ஊறினால் அம்மேற்பரப்பு குழைந்து கெடும்.

1952இல் சிக்காகோப் பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கும் மிதவையின் உருண்டை வடிவைக்கொண்டு மூடியுள்ள அடுப்பொன்றை அமைத்தார். காற்றுக்கும் மழைக்கும் அஞ்சாது முற்றத்திற் சமைக்க அது துணையாயிற்று.

காலப்போக்கிற் கோழியின் வடிவமே கடையில் மாறிற்று. தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சிறைச்சி தனியே விற்பனைக்கு வந்தது. கொழுப்புக் குறைந்தது என்பதற்காகவே மக்கள் அதனை நாடினர். அக்கொழுப்பின்மையே நெருப்பில் அது விரைந்து வறளக் காரணமுமாயிற்று. ஒரு புறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருத்தலால், மெலிந்த பகுதி காய்ந்த பின்னரே தடித்த பகுதி வேகும். தட்டிச் சமப்படுத்தி வாட்டுதல் இதனாலேதான். தோலை முறுகச் செய்யப் பிறந்த கலவை, தோலில்லாத துண்டை வறளாமற் காக்கும் பணியை ஏற்றது. நடுப்பகுதி 74 பாகை செல்சியசை எட்டும்வரை வாட்டுதல் வேண்டும். பச்சை இறைச்சி ஊறிய கலவையைப் பின்னர் உணவில் ஊற்றுதல் ஆகாது.

சிரக்கியூஸ் நகரில் ஆண்டுதோறும் கூடும் நியூயோர்க் மாநிலக் கண்காட்சியில் பேக்கர் 1949இலேயே கோழிக்கடையொன்றைத் தொடங்கியிருந்தார். ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் நிதி திரட்டும் விருந்துகளிலும் அவர் கலவையே மணந்தது. முறை முழுவதையும் அச்சிட்டு யாவர்க்கும் அவர் வழங்கியிருந்தமையால், அதற்கென எவரும் எவருக்கும் பணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. 2006இல் அவர் மறைந்த பின்னரும் கண்காட்சிக் கடையைக் குடும்பத்தினர் நடத்தினர்.