சூளகிரிக் கல்லும் மர்ச்சிசன் கல்லும்

கி.பி. 2008ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள், ஓசூருக்கு அருகிலுள்ள சூளகிரி வட்டாரத்தில் வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அப்பகுதி நம் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததேயாகும். கிடைத்த துண்டுகளின் மொத்த எடை நூறு கிலோவுக்கு மேற்பட்டது. விண்ணுலகில் உயிர் உண்டோ என்னும் வினா எழும்போதெல்லாம் இத்தகைய கற்களின்மேல் மக்களின் கண் செல்வது இயல்பு.

சூளகிரிக் கல்லைப் பொறுத்தவரை விடை சுருக்கமானது. தன் தாய்ச் சிறுகோளின் உள்ளே இருந்த காலத்திலேயே அது ஏறத்தாழ 800 பாகை செல்சியசு அளவுக்கு வெந்த கல். உயிருக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் அவ்வெப்பத்தைத் தாங்கா. நம் மாவட்டத்துப் பாறைகளும் இவ்வகையில் ஊமைகளே. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய சார்னோக்கைட்டுப் பாறைகளிலே அக்காலத்து நுண்ணுயிர்களின் சுவடு எஞ்சியிருக்குமென எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆயினும் எல்லா விண்கற்களும் இவ்வாறு வெந்தவை அல்ல. வேகாத கற்களைப் பேச வைத்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948இல் பட்டம் பெற்றவர் என்பதை நம்முள் பலர் அறியார். அவர் இலங்கையின் காலி நகரில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும. தத்துவத்திற்குப் பின் இலண்டனில் வேதியியல் கற்று, அமெரிக்காவில் மெல்வின் கால்வினிடம் ஆய்வு செய்து 1962இல் முனைவரானார். மீத்தேன், அம்மோனியா, நீர் ஆகியவற்றின் கலவைமேல் எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, மரபுப் பொருளின் உறுப்பாகிய அடினைனை உண்டாக்கிய செய்தியை 1963இல் அவரும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர். பின்னர் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேதிப் பரிணாமப் பிரிவுக்குத் தலைவரானார்.

1969 செப்டம்பர் 28ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் சிற்றூரில் கரிமச் செறிவுள்ள விண்கல் ஒன்று சிதறி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவு. ஆராதனைக்கு வந்தோர் எத்தனைபேர் அன்று பிரசங்கத்தில் மனம் செலுத்தினரோ நாம் அறியோம்! நிலவிலிருந்து அப்போலோ 11 கொணர்ந்த மண்ணை ஆராயும்பொருட்டு ஏம்ஸ் ஆய்வுக்கூடம் மிகுந்த தூய்மையுடன் அப்பொழுதுதான் ஆயத்தமாயிருந்தது. அங்கே ஆராய்ந்த குழுவினர் அக்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்டு 1970 டிசம்பரில் அறிவித்தனர்.

இத்தகைய அறிவிப்புகளை உலகம் ஐயத்தோடு நோக்கியதற்குக் காரணம் இருந்தது. 1864இல் பிரான்சில் விழுந்த ஓர்கேல் விண்கல்லில் உயிரினச் சுவடுகள் கண்டதாக 1961இல் சிலர் கூறினர்; அவற்றுள் சில பூமியின் மகரந்தத் தூள் எனத் தெரியவந்தது. மேலும், அக்கல்லின் துண்டொன்றில் யாரோ விதைகளைப் பதித்துப் பசையிட்டு மூடியிருந்ததும் நூறாண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. ஏமாற்ற விரும்பியவரின் வேலையை அவர் காலத்தவர் ஒருவரும் கவனிக்கவில்லை. பாவம், அவர் தம் வெற்றியைக் காணவேயில்லை.

மர்ச்சிசன் கல்லில் உண்மையை நிலைநாட்டியது கையமைதி என்னும் பண்பாகும். கிளைசின் நீங்கலான புரத அமினோ அமிலங்கள், நம் இரு கைகளைப்போல இடம், வலம் என இரு வடிவங்களில் அமையக்கூடியவை. பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடவடிவையே ஆள்கின்றன. மர்ச்சிசன் கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. ஆகவே அவை தொட்டவர்களின் கையிலிருந்து ஒட்டியவை அல்ல. அதே சான்று, அவை வேற்றுலக உயிர் ஒன்றின் எச்சம் எனக் கொள்ளவும் இடந்தரவில்லை. உயிரின்றியே உயிரின் செங்கற்கள் உண்டாகின்றன என்பதே அக்கல்லின் சாட்சி. செங்கற் குவியலை வீடு என்று பொன்னம்பெரும அழைக்கவில்லை. அலகாபாத்தில் கிருஷ்ண பகதூர் 1963இல் தாம் உண்டாக்கிய நுண்துகள்களுக்கு ‘ஜீவாணு’ எனப் பெயரிட்டபோதும், அவற்றை ஆய்ந்து 1967இல் அறிக்கை தந்த பொன்னம்பெருமவும் அவர் துணைவரும், அவற்றின் தன்மை இன்னும் தெளிவுபட வேண்டும் என்ற அளவிலேயே நின்றனர்.

இவ்விடத்தில் நம் பிரசங்க பீடங்களைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். உயிரின் மூலப்பொருள்கள் தாமே உண்டாகா, ஆதலால் கடவுள் உண்டு என்று வாதிடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்வாதம் 1970ஆம் ஆண்டிலேயே ஆட்டங்கண்டுவிட்டது. விஞ்ஞானம் இன்னும் விளக்காத இடுக்குகளில் ஆண்டவரை ஒளித்துவைத்தால், ஒவ்வொரு விளக்கமும் அவரை வெளியேற்றுவதுபோல் தோன்றும். ஆதியாகமமோ மண்ணிலிருந்து மனிதன் உருவாக்கப்பட்டதையும், பூமியும் தண்ணீரும் உயிர்களைத் தோற்றுவிக்கக் கட்டளை பெற்றதையும் கூசாமல் கூறுகிறது. அமினோ அமிலத்தைக் கண்டு அஞ்சுவது அந்நூலை வாசித்தவர்க்கு அழகன்று. வேதியியல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது என்று முழங்குவோரும் மர்ச்சிசன் கல்லைச் சரியாக வாசிக்கவில்லை என்பது நம் கருத்து.

பொன்னம்பெரும 1984இல் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். 1994 டிசம்பரில் காலமானார். 1997இல் வெளியான ஆய்வு, மர்ச்சிசன் கல்லின் சில அமிலங்களில் இடவடிவு சற்றே மிகுந்திருப்பதைக் காட்டியது. பூமியின் உயிர்கள் இடக்கையைத் தேர்ந்தது விண்ணிலேயே தொடங்கிற்றோ எனப் பலர் கருதலாயினர். பென்னு என்னும் சிறுகோளின் மண் 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவரப்பட்டது. நம் உடலின் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களுள் 14 அம்மண்ணில் இருப்பது 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கு இடமும் வலமும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. இடக்கை எங்கிருந்து வந்தது என்னும் வினா இவ்வாறு மீண்டும் திறந்துள்ளது.