செங்கணமும் துறையூரும்

பெரம்பலூர், அரியலூர் என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் எழுவன சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்ட் ஆலைகளும், பருத்தியும், மக்காச்சோளமும், சின்ன வெங்காயமும். சரித்திர ஞானம் சிறிதுள்ளவர்க்குக் கங்கைகொண்ட சோழபுரத்து விமானமும், கற்களைச் சேகரிப்போர்க்குப் பழங்கடலின் உயிர்கள் கல்லாகிக் கிடக்கும் ஓடைகளும் நினைவுக்கு வரலாம். இலக்கியம் என்ற சொல்லோடு இந்த வட்டாரத்தைச் சேர்த்துப் பேசுவோர் அரியர். கதைகளுக்கும் கவிதைகளுக்கும் பிறப்பிடம் என்று காவேரிக் கரையின் கும்பகோணத்துக்கும், பொருநைக் கரையின் திருநெல்வேலிக்கும் உண்டான கீர்த்தி, மழையை நம்பி வாழும் இந்தக் கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் வாய்க்கவில்லை. ஆயினும், பெயர் அறியாத ஓர் இளைஞனிடம் வித்தை இருப்பதைக் கண்டு, அவனை இன்னாரிடம் போ என்று அனுப்புவதும், அவன் எழுதியதைப் பிறர் படிக்குமாறு எடுத்து நீட்டுவதுமாகிய ஒரு தொழில் தமிழ்நாட்டில் எவ்வாறு நடந்துவந்தது என்று சரித்திரம் எழுதப் புகுகிறவர், இந்தப் பிரதேசத்தில் கால் வைக்காமல் கடந்து போக முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தொழிலின் பழைய உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்ற நூலையே புரட்ட வேண்டும். 1940-இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவரத் தொடங்கி, 1942-இல் ஆசிரியர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற அந்நூலில், மகாமகோபாத்தியாயராகவும் ஏட்டுச் சுவடிகளின் பதிப்பாசிரியராகவும் நாம் அறிந்த பெரியவர், அரியலூரிலும் குன்னத்திலும் ஏட்டையும் ஆசானையும் தேடித் திரிந்த சிறுவனாகக் காட்சி தருகிறார். உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் 1855-இல் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்துக் கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஆதரிப்பவர் இருக்கும் ஊரே ஜீவனத்துக்குரிய ஊர் என்று வாழ நேர்ந்த அக்குடும்பம் அரியலூர் ஜமீனின் நிழலில் சில காலம் தங்கிய போது, சடகோபையங்கார் என்ற புலவரிடம் சிறுவன் தமிழ் கற்றான். தமிழில் தமக்கு முதன்முதலாகச் சுவை பிறந்தது அவரால்தான் என்று பிற்காலத்தில் ஐயரவர்கள் நன்றியுடன் எழுதியிருக்கிறார்.

அரியலூரிலிருந்து குன்னம், குன்னத்திலிருந்து கார்குடி, பின்பு செங்கணம் என்று ஊர் ஊராகப் போன அந்தப் படிப்பில் நம் விஷயத்துக்குப் பொருந்தும் இடம் செங்கணமே. பெரம்பலூருக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில் விருத்தாசல ரெட்டியார் என்ற நிலக்கிழார் இருந்தார். தமிழ் கற்பிப்பது அவருக்கு ஜீவனோபாயம் அன்று. அபிமானத்தால் செய்த காரியம். அவரிடம் யாப்பருங்கலக்காரிகையைப் பாடங்கேட்ட மாணவனுடைய வேகத்தைக் கண்ட ரெட்டியார், தம்முடைய இல்லத்தில் ஒரு நல்ல சீடன் அகப்பட்டான் என்று அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், இவனுடைய பசிக்கு உணவிடத் தக்கவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவரே என்று அவனுடைய தந்தையாரிடம் எடுத்துரைத்தார். 1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் போய்ச் சேர்ந்த அந்த இளைஞனாலே பின்னாளில் சிந்தாமணியும் பத்துப்பாட்டும் புறநானூறும் அச்சேறின என்பதை எல்லோரும் அறிவர். செங்கணத்து ரெட்டியாரைப் பற்றிப் பேசுவார் மட்டும் குறைவு. வழிகாட்டியவனை மறப்பது இலக்கிய உலகத்தின் நெடுநாளைய வழக்கமாகும். நன்றி மறவாத ஒருவர் தம் சரித்திரத்தைத் தாமே எழுதியதால் மாத்திரம் இந்தப் பெயர் நமக்குத் தப்பிப் பிழைத்தது.

பத்திரிகைகள் தோன்றிய பின்னர் ஆசானுடைய இந்த வேலை பத்திராதிபருடைய மேஜைக்கு மாறியது. 1933-இல் அரசியல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய ‘மணிக்கொடி’யை 1935-இல் பி.எஸ். ராமையா சிறுகதைக்கென்றே ஆக்கிய கதையும், பதினாறு வயதுப் பையனாகிய எம்.வி. வெங்கட்ராமின் கதை அதில் அச்சான செய்தியும் பல முறை எழுதப்பட்டவை. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. சென்னையில் அந்தக் கொடி இறங்கிய பிறகு, அதன் எழுத்தாளர்கள் போக்கிடம் இல்லாமல் தவித்த காலத்தில், அவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்களில் ஒன்று எது என்பதே நம்முடைய வட்டாரத்தைச் சேர்ந்த விஷயம்.

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே, பெரம்பலூருக்கு மேற்கே இருக்கும் துறையூரில் ‘கிராம ஊழியன்’ என்ற பத்திரிகை நடந்துவந்தது. பெயருக்கு ஏற்ப அது தேசிய அரசியலைப் பேசும் நாட்டுப்புறப் பத்திரிகையாகவே முதலில் இருந்தது. 1943-இல், உலக யுத்தம் உச்சத்தில் இருந்து காகிதத்துக்குக் கடும் பஞ்சம் நிலவிய நாளில், பெரிய பத்திரிகைகளே பக்கங்களைக் குறைத்துக்கொண்டு வந்தபோது, ஒரு சிற்றூர்ப் பத்திரிகை இலக்கிய சஞ்சிகையாக உருமாறிற்று என்றால், அந்தத் துணிச்சலுக்குக் காரணமானவர் அதன் ஆசிரியர் திருலோக சீதாராம். 1917-இல் பிறந்த அவருடைய சொந்த ஊர், இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டைப் பக்கம் அடங்கிய தொண்டைமான்துறை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். அந்தகக்கவி ராமசாமிப் படையாச்சி என்ற நாட்டுப்புறப் புலவரிடம் இலக்கியம் கேட்டவர். கண்ணில்லாத புலவர் வாயால் சொல்ல, மாணவன் செவியால் வாங்கி மனத்தில் பதித்துக்கொள்ளும் அந்தப் படிப்பின் விளைவைத் திருலோகத்தின் பிற்கால மேடைகளில் கண்டவர்கள் பலர். பாரதியின் பாடல்களும் பாரதிதாசனின் பாடல்களும் ஏட்டின் துணையின்றி அவர் குரலில் புரண்டு வருமாம். அச்சில் வந்ததைப் படிக்காதவனும் அந்தக் குரலைக் கேட்டபின் புத்தகத்தைத் தேடிப் போனான். ஒரு படைப்பை மற்றவரிடம் கொண்டு சேர்ப்பதற்கு விமரிசனக் கட்டுரையைக் காட்டிலும் இது சிறந்த முறை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் விமரிசகர்களுள் எத்தனை பேருக்குத் தாம் புகழும் படைப்பில் பத்து வரி மனப்பாடமாகத் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது.

திருலோகம் தம்மோடு கு.ப. ராஜகோபாலனைக் கௌரவ ஆசிரியராக அழைத்துக்கொண்டார். கு.ப.ரா. அப்போது கும்பகோணவாசி, கண்பார்வை ஒரு முறை போய் மீண்டவர், எழுத்தையே நம்பிச் சீவித்ததால் வறுமையை நன்கு அறிந்தவர். அவரைச் சுற்றியிருந்த இளைஞர் கூட்டத்தில் தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, சுவாமிநாத ஆத்ரேயன், எம்.வி. வெங்கட்ராம் ஆகியோர் அடங்குவர். ஆகவே கு.ப.ரா.வை அழைத்தது ஒரு மனிதரை அழைத்ததோடு நில்லாமல், கும்பகோணத்திலிருந்து துறையூருக்கு ஒரு வாய்க்கால் வெட்டியதாகவும் முடிந்தது. ஜானகிராமனின் முதல் நாவலாகிய ‘அமிர்தம்’ கிராம ஊழியனில்தான் தொடராக வந்தது. ‘மோகமுள்’ளையும் ‘அம்மா வந்தா’ளையும் கொண்டாடும் இக்காலத்து வாசகர்கள், அவற்றின் ஆசிரியருக்கு நாவலாசிரியர் என்ற பெயரை முதலில் கொடுத்தது சென்னையிலும் அல்லாமல் தஞ்சையிலும் அல்லாமல் துறையூரில் அச்சான ஓர் இதழ் என்பதை அறிந்தால் சற்றே வியப்படையக்கூடும்.

1944 ஏப்ரலில் கு.ப.ரா. காலமானார், வயது நாற்பத்திரண்டு. அவ்வருஷமே வல்லிக்கண்ணன் துறையூருக்கு வந்து ஆசிரியப் பொறுப்பில் சேர்ந்தார். பத்திரிகைக்கு வேண்டிய கதை, கட்டுரை, கிண்டல், கவிதை எல்லாவற்றையும் கோரநாதன், நையாண்டி பாரதி முதலிய புனைபெயர்களில் தாமே எழுதித் தள்ளும் ஆற்றல் அவருக்கு இருந்தது. 1947-இல் பத்திரிகை நின்றது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, 2006-இல் மறையும் வரை, வல்லிக்கண்ணன் செய்துவந்த ஒரு காரியம் இருக்கிறதே, அதற்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவன் நடத்தும் சிறு பத்திரிகை தமக்கு வந்து சேர்ந்தால் அதை முழுக்கப் படித்து, அதில் எழுதிய புதியவனுக்குத் தபாற்கார்டில் நுணுக்கி நுணுக்கித் தம் கருத்தை எழுதி அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் பாராட்டுகிறவர் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அக்குறையில் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒருவரும் படிக்கவில்லையே என்று ஏங்கும் பருவத்தில் இருக்கும் எழுத்தாளனுக்குக் கறாரான தீர்ப்பைவிட, இன்ன பக்கத்தில் இன்னதைப் படித்தேன் என்னும் சாட்சியமே முதலில் வேண்டியிருக்கிறது. ‘தமிழில் சிறு பத்திரிகைகள்’ என்ற அவருடைய நூலும் அத்தகைய சாட்சியந்தான்.

திருலோகமோ திருச்சிக்குச் சென்று ‘சிவாஜி’ என்ற பத்திரிகையை 1973-இல் மறையும் காலம் வரையில் நடத்தினார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்த’னைத் தமிழாக்கியவரும், ‘கந்தர்வ கானம்’ பாடியவரும், ‘தேவசபை’ என்ற பெயரில் ரசிகர் கூட்டம் சேர்த்து இலக்கியம் பேசியவரும் அவரே. இவற்றுக்கெல்லாம் இடையில் 1953-இல் ஸ்ரீரங்கத்து மாணவர் ஒருவருடைய ‘எழுத்தில் ஹிம்சை’ என்னும் கதையைச் சிவாஜியில் பிரசுரித்தார். அந்த மாணவரின் பெயர் ரங்கராஜன், வயது பதினெட்டு. பின்னாளில் சுஜாதா என்ற பெயரில் அவர் அடைந்த பிரசித்தியை விவரிக்க வேண்டுவதில்லை. அந்தக் கதை உயர்ந்ததா என்பது வேறு பிரச்னை. முதற்கதைகள் பெரும்பாலும் உயர்ந்தவையாக இருப்பதில்லை. அவற்றைப் பிரசுரிக்கும் ஆசிரியர் அந்தக் கதையைத் தாண்டி, எழுத வல்ல ஒரு கையைப் பார்க்கிறார்.

திருலோகத்தின் தலைமுறைக்குப் பிறகு, தனி மனிதரின் ரசனையாக இருந்த இந்தக் காரியத்தை ஒரு முறைமையாக்கிய பெருமை ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்புக்கு உரியது. 1970-இல் ப. லட்சுமணன், ப. சிதம்பரம் சகோதரர்களின் முயற்சியால் சென்னையில் தோன்றிய அவ்வமைப்பில், ஒருவர் அந்த மாதத்துப் பத்திரிகைக் கதைகளையெல்லாம் படித்து வந்து, கூட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளுள் சிறந்தது எது என்பதை வேறொருவர் தீர்மானிப்பார். பன்னிரண்டும் ஒரு புத்தகமாகிவிடும். பிரபல எழுத்தாளர் கதையும் பெயர் கேள்விப்படாதவர் கதையும் ஒரே தராசில் ஏறின என்பதும், தேர்ந்தவர் தம் காரணத்தைச் சபையில் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் இம்முறையின் சிறப்புக்கள். பரிசுகளைக் காட்டிலும் காரணம் சொல்லும் கட்டாயத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் அம்முறை நடந்ததற்கு ஒரு சௌகரியம் இருந்தது: ஒரு மாதத்தில் வெளியாகும் தமிழ்க் கதைகளை ஒரு மனிதர் படித்துவிட முடியும். 1999-இல் ‘திண்ணை’யும் 2009-இல் ‘சொல்வன’மும் இணையத்தில் தொடங்கி, பின்பு கைபேசி வைத்திருக்கும் எவரும் தம் கதையைத் தாமே வெளியிடலாம் என்ற நிலை வந்தபின் அந்தச் சௌகரியம் மறைந்தது. ஜெயங்கொண்டத்திலோ வேப்பூரிலோ இருந்து எழுதும் ஒரு பெண் இப்போது எந்தப் பத்திராதிபரின் கதவையும் தட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. கதவு இல்லாத வீட்டில் வரவேற்பவரும் இல்லை என்பதே அதன் மறுபக்கம். விருப்பக் குறிகளின் எண்ணிக்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சொல்லுமேயொழிய, என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லாது.

சுஜாதா இந்த மாறுதலை முன்கூட்டியே உணர்ந்தவர். ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கங்களில் அவர் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒரு வரியால் எத்தனையோ புதுக் கவிஞர்கள் வாசகர் கவனத்துக்கு வந்தார்கள். இணையம் இங்கே கைக்குழந்தையாக இருந்தபோதே ‘அம்பலம்’ என்ற மின்னிதழின் ஆசிரியர் பொறுப்பையும் அவர் ஏற்றார். அவருடைய சிபாரிசுகளில் அவசரமும் உண்டு, சில சமயம் விளையாட்டும் உண்டு. திருலோகத்தின் நிதானத்தை அவரிடம் எதிர்பார்க்கலாகாது. எனினும் தமக்குப் பிடித்ததைத் தம் பெயரைப் பணயம் வைத்துச் சொல்லும் பழக்கம் இருவருக்கும் பொது.

1995-இல் உருவான பெரம்பலூரும், அதிலிருந்து ஒரு முறை பிரிந்து, அதனோடு மீண்டும் இணைக்கப்பட்டு, பின்பு 2007-இல் திரும்பவும் பிரிந்த அரியலூரும் இன்று தனித்தனி மாவட்டங்கள். பெரம்பலூரில் 2012 முதல் புத்தகத் திருவிழா நடக்கிறது, அரியலூரிலும் நடக்கிறது. மாலை நேரங்களில் பந்தல் நிறையக் கூட்டம் கூடுவதும், பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் காசோடு வருவதும் மகிழ்ச்சிக்குரியவை. மேடையில் பேசுவோரோ பெரும்பாலும் பெயர் பெற்றவர்கள். நூலாக வராத எழுத்துக்குப் புத்தகச் சந்தையில் இடம் கேட்பது ஒருவகையில் நியாயமும் ஆகாது. ஆயினும் பத்து நாள் விழாவில் ஒரு மாலை, படித்துத் தேறிய ஒருவர் எழுந்து, இவ்வருஷம் இம்மாவட்டங்களைச் சேர்ந்த இளைஞர்கள் இணையத்தில் எழுதிய கதைகளுள் நான் படித்தவை இவை, இவற்றுள் இன்ன கதையை நீங்கள் படிக்க வேண்டும், காரணம் இது என்று அரை மணி நேரம் பேசுவாராயின், அதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. படித்து வரும் பிரயாசைதான் செலவு. செங்கணத்திலும் துறையூரிலும் அந்தச் செலவைச் செய்தவர்கள் செல்வர்களாக இருந்ததாகவும் சொல்வதற்கில்லை, ரெட்டியார் ஒருவரைத் தவிர.