தனியொருவரின் கடல் யாத்திரை

உல்லாசப் பாய்க்கப்பல் என்பது கூலி மாலுமிகளை வைத்து ஆளும் பிரபுக்களுக்கே உரியதென்று இங்கிலாந்தில் பெரும்பாலோர் கருதியிருந்த காலத்தில், ஜான் மக்ரெகர் என்னும் வழக்கறிஞர், தாம் ஒருவரே செலுத்தத்தக்க 21 அடி நீளப் படகொன்றை, உயிர்காக்கும் படகுகளின் அமைப்பைத் தழுவி, 1867-இல் கட்டுவித்து, அதற்கு ‘ராப் ராய்’ என்று நாமகரணம் செய்தார்.

உறங்க இடமும், சமைக்கச் சாராய அடுப்பும், வழியெங்கும் விநியோகிக்க மதப் பிரசுரங்களும் அச்சிறு கலத்தில் அடங்கின. எந்தப் பொருளும் இருட்டில் கைக்கு எட்ட வேண்டுமே, தனியனுக்கு வேறு துணை ஏது!

தேம்ஸ் நதியில் புறப்பட்டு, பிரெஞ்சுக் கரையோரமாகச் சென்று, சேன் நதி வழியே பாரிஸில் அப்போது நடந்த உலகக் கண்காட்சியை அடைந்து, மீண்டும் ஆங்கிலக் கால்வாயைத் தனியே கடந்து தாயகம் திரும்பினார். அவ்வாண்டே வெளியான அவருடைய யாத்திரை நூல், சாமானியரையும் கடலுக்கு அழைத்த முன்னோடி நூல்களுள் ஒன்று என்பது என் துணிபு.