பிரெஞ்சு பாலிஷில் பிரெஞ்சு எவ்வளவு?

புதுச்சேரியில் பழைய தேக்கு நாற்காலியோ ஈட்டி மர அலமாரியோ வைத்திருப்பவர்கள், "இது பிரெஞ்சு பாலிஷ்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தப் பெயர் எப்போதும் வேடிக்கைதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. 'வெர்னி ஓ தாம்போன்' என்பார்கள். பஞ்சுப் பொட்டலத்தால் தேய்க்கும் வார்னிஷ் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறை இங்கிலாந்துக்குப் போனபோது அங்கே ஒட்டிய பெயர்தான் நம் ஊருக்கும் வந்தது.

சரக்கோ நம் நாட்டுடையது. சோட்டா நாகபுரிப் பக்கம் புரசு, குசும், இலந்தை மரக் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. அரக்கு மாளிகைக் கதையில் வரும் அதே அரக்கு. 'லாக்' என்ற பிரெஞ்சுச் சொல்லே 'லாக்ஷா' என்ற சம்ஸ்கிருதச் சொல் பாரசீகம், அரபு வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான். கழுவிய அரக்கை நீண்ட துணிப்பையில் அடைத்து, அனலில் காட்டி முறுக்கிப் பிழிவார்கள். உருகி வழிவதைத் தகடாக இழுத்து, ஆறியதும் செதில் செதிலாக உடைப்பார்கள். அதுதான் ஷெல்லாக்.

அப்படியானால் பிரெஞ்சுக்காரர் பங்கு என்ன? கைவாகு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு சட்டென்று காயும். பிரஷ்ஷால் தடிமனாகப் பூசினால் கோடு விழும், குமிழ் சிக்கிக்கொள்ளும். பஞ்சைத் துணியில் சுற்றித் தேய்க்கும்போது ஒவ்வொரு பூச்சும் மிக மெல்லியது. குமிழ் தங்க இடமில்லை. நுரைக்கல் பொடி மரத்தின் துளைகளை அடைக்கும். துணி ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய். கை மரத்தின்மேல் நிற்கவே கூடாது. நின்றால் அடிப்பூச்சு பெயர்ந்துவிடும். ஈரக் காற்றில் பூச்சு வெளுக்கும் என்பதால் மழை நாளில் இந்த வேலையைத் தொடமாட்டார்கள்.

அரக்குக்கு மாற்று தேடித்தான் பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லாண்ட் 1907-இல் பேக்கலைட்டைக் கண்டார். அதன்பின் நைட்ரோ செல்லுலோஸ், பாலியூரித்தேன், இப்போது எப்பாக்சி. இவை சூட்டையும் தண்ணீரையும் அரக்கைவிட நன்றாகத் தாங்கும், மறுக்கவில்லை. ஈர டம்ளர் வைத்தால் அரக்குப் பூச்சில் வெள்ளை வளையம் விழத்தான் செய்யும்.

ஆனால் புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு ஒன்றிவிடும். எனவே கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பாலியூரித்தேனுக்கு அந்தக் குணம் இல்லை. இன்று பலர் தாத்தா காலத்து நாற்காலியை இயந்திரத்தால் சுரண்டி, மேலே பிளாஸ்டிக் பளபளப்பு ஏற்றுகிறார்கள். சுரண்டியதோடு நூறு வருட நிறமும் போய்விடும். அது திரும்ப வராது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், சுரண்டுமுன் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்காகவே இருக்கும். பிறகு உப்புத்தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பஞ்சுப் பொட்டலம் பிடிக்கத் தெரிந்த தச்சரைத் தேடுங்கள்.