கொல்லிமலை ஏறிய குருமனை

இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு பங்கின் பொறுப்பை ஏற்ற விகார் எனும் குருவுக்கு அப்பங்கே வீடு தரும் வழக்கம் இடைக்காலத்திலிருந்து வருவது. விக்கரேஜ் எனப்பட்ட அவ்வீட்டை, பங்கின் வருவாயை ஈடுகாட்டிக் கடன் பெற்றுக் கட்ட 1776ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வில்லியம் பட்டர்ஃபீல்டு முதலிய கட்டடக் கலைஞர்களின் கையில் அது செங்கற்சுவரும் செங்குத்தான கூரையும் உயர்ந்த புகைபோக்கியும் கொண்ட தனி வகையாயிற்று. அழகைக் காட்டிலும் கருதத்தக்கது வாசலை ஒட்டிய படிப்பறை: உதவி கேட்டு வரும் ஊரார், குடும்பத்தார் புழங்கும் பகுதிக்குள் நுழையாமலே குருவைக் கண்டு திரும்ப அது இடமளித்தது.

தமிழகத்திலோ, லண்டன் மிஷன் 1827இல் காலூன்றிய சேலம் போன்ற சமவெளி ஊர்களின் மிஷன் பங்களாக்களில் புகைபோக்கிக்கு வேலை இல்லை. உத்தரங்களின் மேல் செங்கல்லை நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை வெயிலைத் தடுத்தது. படிப்பறையின் வேலையைத் தாழ்வாரம் ஏற்றது.

எருமப்பட்டிக்கு வடக்கே உயரும் கொல்லிமலையில் இம்முறையும் செல்லவில்லை, ஏனெனில் செங்கல்லும் சுண்ணாம்பும் மலைமேல் கொண்டுபோவது எளிதன்று. எழுபது கொண்டை ஊசி வளைவுச் சாலை பிற்காலத்தது. அம்மலையில் வீடு கட்டிய, கட்டடத் தொழில் அறிந்த ஜெஸ்ஸி பிராண்ட், கண்டிப்பான பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்தவர். தசமபாக வருவாயோ பங்கு வீடோ அற்ற பிரிவினர் என்பதால் அவரை விகார் எனல் பொருந்தாது. மலையடிவாரச் சேந்தமங்கலத்தில் மரச் சட்டங்களை அறுத்துப் பொருத்திப் பார்த்துப் பிரித்து, தலைச்சுமையாக ஏற்றி, வாழவந்தி நாட்டில் கறையான் அண்டாதபடி தரையிலிருந்து தூக்கி நிறுத்திய வீட்டில், 1913இல் மணந்த ஈவ்லினுடன் குடியேறினார். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கேட்டு மலையாளிப் பழங்குடியினர் தேடி வந்த அவ்வீட்டில், உதவி கேட்டு வருவோருக்கும் குடும்பத்தாருக்கும் இடையே இங்கிலாந்து இட்டிருந்த சுவர் நிலைத்திருக்க வழியில்லை.

ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அவர் மகன் பால் பிராண்ட் மருத்துவம் பயிலுமுன் லண்டனில் கட்டடத் தொழிலைக் கற்றவர். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அவர், 1950களின் தொடக்கத்தில் அவர்களுக்கென அமைத்த குடியிருப்பில், அவர்கள் திரும்ப வேண்டிய கிராமத்து வீடுகளையே ஒத்த எளிய மண் வீடுகளைத் தேர்ந்தார்.