நாமக்கல் லாரிகளும் அவற்றை ஓட்டியவர்களும்

நாமக்கல் நகருக்கு ரயில் வந்தது 2013இல்தான். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே சேலத்தையும் சங்ககிரியையும் தொட்டுக்கொண்டு ஈரோட்டுப் பக்கம் போய்விட்டது. அதற்குத் தெற்கே கிடந்த இராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் வட்டாரங்கள் ஒன்றரை நூற்றாண்டு காலம் தண்டவாளம் இல்லாமலே விளைந்ததை விற்று வாழ்ந்தன. புதன்சந்தைக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கும் சரக்கு போனதெல்லாம் மாட்டு வண்டியில். காடு காயும் மாதங்களில் வாடகைக்கு வண்டி பூட்டுவது குடியானவருக்கு இன்னொரு பிழைப்பு. இந்தச் சமவெளி பின்னாளில் நாடு முழுக்க லாரி ஓட்டியதற்குக் காரணம் தேடினால், ரயில் இல்லாத குறையையும் மழையை நம்ப முடியாத மண்ணையும்தான் முதலில் சொல்ல வேண்டும். சாலை மட்டும் நன்றாக வாய்த்திருந்தது. பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாரணாசியில் புறப்பட்டு சேலம், நாமக்கல், கரூர் வழியாகக் கன்னியாகுமரிக்கு இறங்குகிறது. பழைய 47ஆம் எண் சாலை சேலத்தில் பிரிந்து சங்ககிரி, பவானி, கோவை வழியாகக் கேரளம் போகிறது.

மோட்டார் முதலில் ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் வந்தது. மதுரை டி.வி.எஸ். குடும்பத்தின் சதர்ன் ரோட்வேஸ், பொள்ளாச்சியில் 1931இல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் போன்ற நிறுவனங்கள் தெற்கத்திச் சாலைகளில் நேரம் தவறாத போக்குவரத்தைப் பழக்கின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. வண்டிகள் கரியை எரித்து வாயு பிடிக்கும் உருளையை மாட்டிக்கொண்டு ஓடின. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் லாரிகள் விற்பனைக்கு வந்தன. பல ஊர்களில் முதல் தலைமுறை லாரிக்காரர்கள் உருவானது இந்தக் கழிவு வண்டிகளைத் தட்டிக்கொட்டி ஓட்டித்தான். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் எழுந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ 1954இல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் லாரி செய்யத் தொடங்கியது. டீசல் எஞ்சினும் உள்நாட்டில் கிடைக்கும் உதிரிப் பாகமும் சேர்ந்த பிறகே லாரி ஒரு குடும்பத்தை நிலையாகச் சோறு போட்டுக் காப்பாற்றும் தொழிலானது. டாடாவுடனான கூட்டு 1969இல் முடிந்த பிறகும் ‘பென்ஸ் வண்டி’ என்ற பேச்சு நெடுநாள் நீடித்தது.

சட்டம் நீண்ட காலம் லாரிக்கு எதிராகவே நின்றது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதையொட்டி 1940களில் வகுத்த நெறிமுறைகளும் ரயிலின் வருமானத்தைக் காப்பதில் குறியாக இருந்தன. ரயிலோடு போட்டிபோடும் தடத்தில் 75 மைலுக்கு மேல் போக எளிதில் பர்மிட் கிடைக்காது. 1950-51இல் நாட்டின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் ரயில்தான் சுமந்தது. மசானி தலைமையிலான குழு 1959இல் அளித்த அறிக்கை, லாரித் தொழில் ஒற்றை வண்டிக்காரர்களின் கையில் சிதறிக் கிடப்பதைக் குறையாகக் கண்டு, அவர்கள் பெரிய நிறுவனங்களாகச் சேர வேண்டும் என்றது. இந்த வட்டாரம் அப்படிச் சேரவில்லை. 1975இல் தேசிய பர்மிட் வந்து தூரத் தடை விலகியபோது, ஓரிரு வண்டி வைத்திருந்தவர்களே வடநாட்டு லைனில் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் பஸ் தடங்களை 1972 முதல் அரசு எடுத்துக்கொண்டது. லாரியை அரசு தொடவில்லை. பஸ்ஸை இழந்த ஆனைமலைஸ் நிறுவனம் ஏ.பி.டி. பார்சல் சர்வீஸாகப் புது வாழ்வு பெற்றதும் இந்த மாற்றத்தின் பக்கவிளைவே.

ஏற்றுவதற்குச் சரக்கு சுற்றிலும் இருந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்ததும் அதன் மின்சாரத்தை நம்பி மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்தது. 1965இல் மால்கோ அலுமினிய ஆலை. சேலம் சுண்ணாம்புக் கரடுகளின் மேக்னசைட், சங்ககிரி மேற்கில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை, பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை என்று பட்டியல் நீளும். இவற்றில் தூர லைனை வளர்த்தது ஜவ்வரிசி என்றே சொல்லத் தோன்றுகிறது. 1943இல் சேலத்தில் தொடங்கிய மரவள்ளி மாவுத் தொழிலுக்குப் பெரிய சந்தை மகாராஷ்டிரமும் வங்காளமும். அங்கே விரத நாட்களின் உணவு ஜவ்வரிசி. ஆகவே வாழப்பாடி, ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து மில்களில் ஏற்றிய மூட்டை நேராக பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போக வேண்டியிருந்தது. போன வண்டி வெறுமனே திரும்பினால் நட்டம். நாசிக் வெங்காயம், குஜராத் பஞ்சு, இந்தூர் சோயா என்று ரிட்டன் லோடு பிடிக்கப் பிடிக்க லைன் கெட்டிப்பட்டது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை பெருகிய பிறகு தீவனத்துக்கான மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் உள்ளே வந்தன, முட்டை வெளியே போனது. கோழியும் லாரியும் ஒன்றையொன்று வளர்த்தன.

முதலுக்குப் பணம் வங்கியிலிருந்து வந்தது குறைவு. ஏலச்சீட்டு எடுத்தார்கள், நிலத்தில் ஒரு துண்டை விற்றார்கள், மாமன் மச்சான் சேர்ந்து பங்கு வண்டி வாங்கினார்கள். மீதியை உள்ளூர் ஃபைனான்ஸ் கொடுத்தது. கடனுக்கு ஈடு அந்த வண்டியேதான். மாதாமாதம் டியூ கட்டத் தவறினால் ஃபைனான்ஸ்காரர் வண்டியை எடுத்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கந்துவட்டிக் கணக்காகத் தெரியலாம். ஆனால் சொத்து ஏதுமில்லாத டிரைவருக்கு, ஆளைத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் கொடுத்த ஏற்பாடு இது. பதினைந்து வயதில் கிளீனராக ஏறியவர் இருபதுகளில் டிரைவர், நாற்பதுக்குள் சொந்த வண்டி: இந்த ஏணியில் ஏறியவர்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. வட்டாரத்து லாரித் தொழிலின் தனித்தன்மை எதுவென்றால் இந்த ஏணிதான். முதலாளிக்கு வண்டியின் ஒவ்வொரு நட்டும் தெரியும், டிரைவர் எங்கே பொய் சொல்வார் என்பதும் தெரியும். அவர் பசி எப்படி என்பதும் தெரியும்.

லோடு பிடித்துக் கொடுத்தது புக்கிங் ஆபீஸ். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவரில் சாமி படம் என்று நடந்த இந்த அலுவலகங்கள் சொந்தமாக ஒரு வண்டிகூட இல்லாமல் நாட்டின் எந்த மூலைக்கும் சரக்கு அனுப்பின. வியாபாரியிடம் வாடகை பேசி, கமிஷன் பிடித்துக்கொண்டு, லாரிக்காரருக்கு முன்பணம் கொடுப்பார்கள். மீதி சரக்கு இறங்கிய இடத்தில். டிரிப் முடிந்து வண்டி வந்து நின்றதும் டிரைவர் முதலாளி முன்னால் உட்கார்ந்து கணக்கு முடிப்பார். டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைமேடை, பஞ்சர், படி, செக்போஸ்ட் மாமூல் என்று சிட்டைக் காகிதங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். மாமூலுக்கு ரசீது கிடையாது. அந்த வரியை முதலாளி நம்புகிறாரா இல்லையா என்பதில்தான் இருவரின் உறவும் தெரியும்.

வண்டி பிறந்த இடம் பட்டறை. ஆலையிலிருந்து வருவது எஞ்சினும் சக்கரமும் கொண்ட சேசிஸ் மட்டும். ஜாம்ஷெட்பூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ, 1980க்குப் பிறகு ஓசூரிலிருந்தோ அதை ஓட்டி வருபவருக்குக் கூரை இல்லை, கதவில்லை. தற்காலிகமாகப் பொருத்திய இருக்கையில் தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் வருவார். நாமக்கல் பட்டறையில் தச்சர், கொல்லர், வெல்டர், டிங்கர், மெத்தை தைப்பவர், பெயிண்டர் என்று பல கை பட்டு அது லாரியாகும். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை, சாமான் வைக்கப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவரவர் லைனுக்கு ஏற்றபடி கேட்டு வாங்குவார்கள். மலைப்பாதைக்கும் பருத்தி லோடுக்கும் ஒரே பாடி ஒத்துவராது என்பதை வாய்ச்சொல்லிலேயே புரிந்துகொள்ளும் மேஸ்திரிகள் இருந்ததால் பிற மாநிலத்து உரிமையாளர்களும் சேசிஸை இங்கே அனுப்பினார்கள். முடிந்த வண்டி ஆஞ்சநேயர் கோயில் முன் நின்று, எலுமிச்சம்பழம் ஏறி நசுக்கி, லோடுக்குப் புறப்படும்.

வடக்கே போன டிரைவர்கள் அடுப்பையும் கூடவே கொண்டுபோனார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு மூட்டை அரிசி, புளி, மிளகாய்த்தூள், அலுமினியக் குண்டான். சப்பாத்தி ஒத்துவரவில்லை என்பது பாதி. கடைச் சோறு படியைத் தின்றுவிடும் என்பது மீதி. நிழல் கண்ட இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, காற்று படாமல் வண்டியின் பக்கவாட்டில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறும் குழம்பும் ஆக்குவது கிளீனரின் வேலை. அவர் கற்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. மூட்டையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பாரம் பிரியும்படி அடுக்குவது, தார்ப்பாயை மழை உள்ளே இறங்காதபடி மடித்துக் கயிற்றை முறுக்கி இறுக்குவது, சுத்தியலால் டயரைத் தட்டிச் சத்தத்திலேயே காற்றைக் கணிப்பது. ஸ்டியரிங் கையில் கிடைப்பது நடுராத்திரி, நேர் சாலையில், டிரைவர் மனம் கனிந்தால்.

ஆபத்தான இடங்களை அவர்கள் பேர் சொல்லி வைத்திருந்தார்கள். தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் போன வண்டிகள் பல. சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆபத்து மலையில் மட்டும் இல்லை. காவிரிப் பிரச்சினை வெடித்த 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் கர்நாடகத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. நதிநீர் வழக்கில் எந்தப் பங்கும் இல்லாத மனிதர்கள் நம்பர் பிளேட்டுக்காக அடி வாங்கினார்கள்.

1990களில் அவர்கள் மேல் இன்னொரு சுமை விழுந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் நாமக்கல் தமிழ்நாட்டின் தொற்று மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாகப் பேர் பெற்றது. வீட்டை விட்டு வாரக்கணக்கில் விலகி இருக்கும் தொழில், சோதனைச் சாவடிகளில் நாள்கணக்கில் காத்திருப்பு, நோயைப் பற்றிய அறியாமை எல்லாம் சேர்ந்த விளைவு அது. பழி மட்டும் டிரைவர் என்ற ஒரே சொல்லின் மேல் விழுந்தது. பெண் கொடுக்கத் தயங்கினார்கள். ஊர்களில் இளம் விதவைகள் மிஞ்சினார்கள். சென்னை வி.எச்.எஸ். நிறுவனத்தின் ஆபக் திட்டம் 1995 முதல் லாரி நிறுத்தங்களில் விழிப்புணர்வுப் பணி செய்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை நாட்டில் தொடங்கிய ஆரம்ப ஆண்டுகளிலேயே நாமக்கல் அரசு மருத்துவமனைக்கும் வந்தது. தொற்று பிறகு வெகுவாகக் குறைந்தது. பேர் மட்டும் போக நாளானது.

ஊருக்கு ஒரு கைத்திறன் இதற்குள் பிரிந்துவிட்டிருந்தது. சங்ககிரி சிமெண்ட் லோடிலும் எண்ணெய் நிறுவனக் கிடங்குகளின் டேங்கர்களிலும் ஊன்றியது. திருச்செங்கோடு லாரியின் மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கை ஏற்றி, நாட்டின் வறண்ட மாநிலங்களுக்கெல்லாம் போனது; ஆப்பிரிக்காவுக்கும் ரிக்குகள் கப்பலேறின. நாமக்கல் எரிவாயு டேங்கரைப் பிடித்துக்கொண்டது. மங்களூர், கொச்சி, எண்ணூர், விசாகப்பட்டினம் முனையங்களிலிருந்து சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்கு ஓடும் புல்லட் டேங்கர்களில் பெரும்பகுதி இங்கத்தவர்களுடையது. சிறு உரிமையாளருக்கு அரணாக இருந்தது சங்கம். தமிழ்நாடு மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனமும் தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கமும் நாமக்கல்லை மையமாகக் கொண்டே இயங்குகின்றன. காப்பீட்டுப் பிரீமிய உயர்வை எதிர்த்து 2017 மார்ச் இறுதியிலும், டீசல் விலைக்காக 2018 ஜூலையிலும், எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் நிபந்தனைகளுக்காக 2025 மார்ச்சிலும் வண்டிகள் நின்றபோது முடிவெடுக்கும் இடங்களில் ஒன்றாக இந்த ஊர் இருந்தது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. டிரைவரின் காத்திருப்பு குறைந்தது, சுங்கச்சாவடிக் கட்டணம் பெரிய செலவானது. 2018இல் அச்சுப் பாரத்தின் வரம்பை அரசு உயர்த்தியதும் ஒரே வண்டி கூடுதலாக ஏற்ற முடிந்தது. கிடைக்கும் லோடுக்குக் குறைந்த வண்டிகளே போதும் என்றாகி, வாடகை தளர்ந்தது. பல சக்கர வண்டியின் விலையும் டியூவும் ஒற்றை வண்டிக்காரரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. ஆலைகளே கேபினோடு வண்டி தருவதால் பட்டறைகளுக்குப் பின்பாடியும் டேங்கரும் டிரெய்லரும் பழுதுவேலையும் மிஞ்சின. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம்.

இவ்வளவு மாற்றத்திலும் பெரிய இழப்பு கிளீனர் இருக்கை காலியானதுதான். படித்த பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை, செலவைக் குறைக்க உரிமையாளரும் ஆள் வைப்பதில்லை. தேசிய பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018இல் போனது. தனியாகவே ஓட்டுகிறவருக்கு மாற்று ஆளும் இல்லை, பழக்கிவிடச் சீடனும் இல்லை. சொந்த ஊரில் டிரைவர் கிடைக்காமல் வடமாநிலத்தவரை அமர்த்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்பு கிளீனராக ஓடிக் கற்றதை இன்று வகுப்பறையில் கற்க வேண்டியிருக்கிறது. அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நாமக்கல்லிலேயே அதைக் கற்றுக்கொடுக்கிறது.