சேனல்

லத்தீனில் 'கன்னா' என்றால் நாணல். உள்ளே துளையுள்ள அந்தத் தண்டை வைத்துக் குழாய்க்கும் வாய்க்காலுக்கும் 'கனாலிஸ்' என்று பெயர் வந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சேனல்' ஆயிற்று. 'கெனால்' என்பதற்கும் வேர் அதுவே.

டிஜிட்டல் தொலைபேசி இணைப்பகத்தில் சேனல் என்பது தனிக் கம்பி அல்ல, நேரத்தில் ஒரு பங்கு. இ1 இணைப்பில் நொடிக்கு 8,000 முறை 32 பங்குகள் சுற்றி வருகின்றன. முறைக்கு 8 பிட் வீதம் ஒரு பங்குக்கு 64 கிலோபிட். 0-ஆம் பங்கு ஒத்திசைவுக்கு. 16-ஆம் பங்கு வழக்கமாக அழைப்புச் சைகைகளுக்கு. மீதி 30-இல் பேச்சு. ஃபேக்ஸ் போகும்போது அந்தச் சேனலில் எதிரொலி நீக்கியை அணைத்துவைப்பதுண்டு. ஐ.எஸ்.டி.என். என்னும் டிஜிட்டல் தொலைபேசிச் சேவையில் காணொளிக் கூட்டத்துக்கு முன்பு 6 சேனல்களைச் சேர்த்து 384 கிலோபிட் ஆக்கினார்கள்.

தொலைக்காட்சிச் சேனலைத் தமிழில் 'அலைவரிசை' என்கிறோம். தொலைபேசி இணைப்பகச் சேனலுக்குத் 'தடம்' என்பதே பொருந்தும்.